சி.எஸ்.ஐ.யிலிருந்து கத்தோலிக்கத்துக்கு: மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா?

சந்தேகம்: சி.எஸ்.ஐ. சபையில் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றேன். கத்தோலிக்கத் திருச்சபையில் சேர மறுபடியும் எடுக்க வேண்டுமா?

விளக்கம்: வேண்டாம். தண்ணீரால், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்டிருந்தால் அது கத்தோலிக்கருக்கும் செல்லும். ஒருமுறை முறையாகப் பெற்றதைத் திரும்பக் கொடுக்கத் திருச்சபைச் சட்டமே இடம் தருவதில்லை. பழைய ஆலயத்தின் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் வாங்கிப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். பதிவேடு கிடைக்காவிட்டால், அன்று உடனிருந்த நம்பகமான ஒருவர் சாட்சி சொன்னாலும் போதும். ‘இயேசுவின் நாமத்தில்’ என்று மட்டும் சொல்லிக் கொடுக்கும் சில பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்து வருவோருக்கோ ஞானஸ்நானம் உண்டு.

‘இத்தனை வருடம் ஜெபித்ததெல்லாம் வீணா?’ என்று கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வீணில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே கத்தோலிக்கம் அல்லாத கிறிஸ்தவச் சபைகளிலும் ஆவியானவர் செயல்படுவதை ஒப்புக்கொண்டுவிட்டது. சபை மாறுவதை மதமாற்றம் என்று உறவுக்காரர்கள் பேசுவது தவறு.

சந்தேகம்: சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தலும் (உறுதிப்பூசுதல்) ஆகிவிட்டதே?

விளக்கம்: அதைப் புதிதாகப் பெறத்தான் வேண்டும். திடப்படுத்தல் செல்ல, அதைத் தருபவரின் குருத்துவம் செல்லுபடியாக வேண்டும்; சி.எஸ்.ஐ. ஆயர்களின் குருத்துவத்துக்கு வேரான ஆங்கிலிக்கன் குருத்துவ அபிஷேகம் செல்லாது என்று 1896-ல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அறிவித்தார். அந்த நிலைப்பாடு இன்றும் மாறவில்லை. கேட்பதற்கு வருத்தமாக இருக்கும், ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. திருச்சபையில் சேரும் முறை இதுதான்: முதலில் பாவசங்கீர்த்தனம். பிறகு திருப்பலியில் எல்லார் முன்னிலையிலும் விசுவாச அறிக்கை. குருவானவர் உங்கள் நெற்றியில் கிறிஸ்மா தைலத்தால் சிலுவை வரைந்து உறுதிப்பூசுதல் தருவார். அதே திருப்பலியில் நற்கருணையும் வாங்கலாம். அதற்கு முன் மறைக்கல்வி எவ்வளவு காலம் என்பது ஆளைப் பொறுத்தது. வேதத்தில் ஊறியவரை ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கச் சொல்வது சரியல்ல.

சந்தேகம்: மாதாவை ஆராதிக்க வேண்டுமா?

விளக்கம்: ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. மாதாவிடம் கேட்பது, ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ என்றுதான். தினமும் ஜெபமாலை சொல்லியே தீரவேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் அவர் அமலோற்பவி (1854), விண்ணேற்படைந்தவர் (1950) என்ற விசுவாசக் கோட்பாடுகளை ஏற்றாக வேண்டும். மனம் ஒப்பாதவர்கள் அவசரப்படாதீர்கள்.

சந்தேகம்: என் பழைய வேதாகமம்?

விளக்கம்: தாராளமாக வாசியுங்கள். அதில் 66 புத்தகங்கள். கத்தோலிக்க விவிலியத்தில் தோபித்து, மக்கபேயர் உள்ளிட்ட ஏழும் சேர்த்து 73.

சந்தேகம்: சி.எஸ்.ஐ. ஆலயத்தில் நடந்த எங்கள் கல்யாணம்?

விளக்கம்: அன்று இருவருமே கத்தோலிக்கராக இல்லாதிருந்தால் செல்லும். மறுபடி தாலி கட்ட வேண்டியதில்லை; துணைவரும் கத்தோலிக்கராக மாறவேண்டிய கட்டாயம் இல்லை. விவாகரத்தாகி மறுமணம் செய்தவர்கள் மட்டும் முதல் சந்திப்பிலேயே பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள். மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் விசாரிக்க வேண்டியிருக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.