டேங்க் நிரம்ப மறுத்தால் காற்றைத் தேடுங்கள்

டேங்கில் முக்கால்வாசி இடம் காலியாக இருக்கும். நாசிலைச் செருகி இரண்டு லிட்டர் இறங்குவதற்குள் ‘டக்’கென்று கட் ஆகிவிடும். ஊழியர் மறுபடி அழுத்துவார்; மறுபடியும் ‘டக்’. பங்க் மெஷின் சரியில்லை என்பார் கார்க்காரர், வண்டியில்தான் கோளாறு என்பார் ஊழியர். இரண்டு பேருமே பெட்ரோலை நினைத்துப் பேசுகிறார்கள். யோசிக்க வேண்டியது டேங்குக்குள் ஏற்கெனவே இருக்கும் காற்றைப் பற்றி. பத்து லிட்டர் பெட்ரோல் உள்ளே போக வேண்டுமானால், கிட்டத்தட்ட பத்து லிட்டர் காற்றும் பெட்ரோல் ஆவியும் வெளியே வந்தாக வேண்டும். வாய் குறுகிய பாட்டிலில் புனலை இறுக்கமாக வைத்து எண்ணெய் ஊற்றினால், எண்ணெய் இறங்காமல் புனலிலேயே நிற்கும். புனலைச் சற்றே தூக்கிப் பிடித்தால் மடமடவென்று இறங்கிவிடும். நிரம்ப மறுக்கும் டேங்குகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான் என்பதால், காற்று போகும் வழியைப் பின்தொடர்ந்தே கோளாறைத் தேட வேண்டும். பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது காசைக் கரைக்கும் வேலை.

நாசில் ஏன் நிற்கிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. நாசிலின் நுனியை உற்றுப் பார்த்தால், பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை தெரியும். பெட்ரோல் பாயும்போது உண்டாகும் உறிஞ்சல், அந்தத் துளை வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் மேலேறி துளையை மூடியதும் காற்று வருவது நின்றுவிடும். உறிஞ்சல் உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய சவ்வை இழுக்கும். விசை விடுபட்டு ஓட்டம் நிற்கும். இதற்கு மின்சாரமோ சென்சாரோ தேவையில்லை. டேங்க் நிரம்பியதா என்பதும் நாசிலுக்குத் தெரியாது. தன் மூக்கில் பெட்ரோல் பட்டது என்பது மட்டுமே தெரியும். காற்று வெளியேற வழியில்லாத டேங்கில் பெட்ரோல் கழுத்துக் குழாயிலேயே தேங்கி மேலேறுகிறது; காலி டேங்கையும் நாசில் நிரம்பியதாக எடுத்துக்கொள்கிறது.

காற்று எந்த வழியாக வெளியேறுகிறது என்பது காருக்குக் கார் மாறும். இதைக் கவனிக்காமல் இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க யோசனைகளை அப்படியே பின்பற்றுவதால்தான் பல நேரம் தவறு நேர்கிறது. அங்கே 1998 மாடல் ஆண்டிலிருந்து படிப்படியாக, பெட்ரோல் நிரப்பும்போது எழும் ஆவியையும் காரே பிடித்து வைக்க வேண்டும் என்ற விதி வந்தது. அந்தக் கார்களில் வெளியேறும் காற்று முழுவதும் கேனிஸ்டர் எனப்படும் கரி டப்பாவைக் கடந்தே போகும். கேனிஸ்டர் அடைத்தால் டேங்க் நிரம்பாது. நம் ஊர் சாலைகளில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களிலும் கேனிஸ்டர் உண்டு. ஆனால் அது வண்டி நிற்கும்போதும் ஓடும்போதும் எழும் ஆவிக்கானது. நிரப்பும்போது வெளியேறும் காற்று, கழுத்துக் குழாயை ஒட்டி ஓடும் மெல்லிய பிரீதர் குழாய் வழியாக டேங்க் வாய்க்கே திரும்பி வருகிறது. வெயில் நேரத்தில் நாசிலைச் சுற்றிக் கானல் போல ஏதோ நெளிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது இப்படி வெளியேறும் பெட்ரோல் ஆவிதான். ஆகவே இங்கே முதல் சந்தேகம் பிரீதர் குழாய் மேல் விழ வேண்டும். டேங்கை இறக்கி பம்ப் மாற்றியபோதோ, பின்பக்கம் இடிபட்டு வேலை பார்த்தபோதோ அந்த ரப்பர் குழாய் மடிந்து போயிருக்கலாம். பழைய வண்டியில் குழாயின் உட்புறம் ஊறி உப்பியிருக்கலாம். ‘சமீபத்தில் டேங்கில் யாராவது கை வைத்தார்களா?’ என்பதுதான் மெக்கானிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அதற்கும் முன்பு பங்க்கிலேயே பார்க்க வேண்டியவை உண்டு. வேறு இரண்டு பங்க்குகளில் நிரப்பிப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் கட் ஆனால் குற்றம் அந்த நாசிலுடையது. எல்லா இடத்திலும் ஆரம்பத்திலேயே கட் ஆகிறதென்றால் வழி அடைத்திருக்கிறது. முக்கால் அளவு வரை ஒழுங்காக ஏறி அதற்குப் பிறகு நின்றால், முதலில் முள்ளைச் சந்தேகியுங்கள். டேங்க் உண்மையிலேயே நிரம்பியும் முள் பொய் சொல்லலாம். ஓடிய தூரத்தையும் பில்லில் உள்ள லிட்டரையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். டீசல் நுரைத்துப் பொங்கும் என்பதால், டீசல் வண்டியில் ஓரிரு முறை சீக்கிரம் கட் ஆவதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

‘நாசிலைப் பாதி அழுத்தி மெதுவாக விட்டால் நிரம்பிவிடுகிறதே, எதற்கு ஒர்க்‌ஷாப்?’ என்று சிலர் கேட்கலாம். மெதுவாக விட்டால் மட்டும் ஏறுகிறதென்றால், காற்று கசிந்து கசிந்துதான் வெளியேறுகிறது என்று அர்த்தம். அதுவே அடைப்புக்குச் சாட்சி. அடைப்பு பிரீதர் குழாயில் என்றால் தொல்லை பங்க்கோடு போகும். கேனிஸ்டரின் வெளிக்காற்றுக் குழாயில் என்றால் ஓடும்போதும் வினை. எஞ்சின் ஆவியை உறிஞ்ச உறிஞ்ச, மாற்றாகக் காற்று நுழைய வழியின்றி டேங்குக்குள் வெற்றழுத்தம் கூடுகிறது. 2011இல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 52,000 ‘மாஸ்டா 6’ கார்களைத் திரும்ப அழைத்தது இதனால்தான். ஒரு வகை மஞ்சள் சிலந்தி அந்தக் குழாய்க்குள் வலை பின்னியதால் டேங்கில் விரிசல் விடும் அபாயம் இருந்தது. 2014இல் அதே சிலந்திக்காக இன்னும் சுமார் 42,000 கார்களை அழைக்க வேண்டியிருந்தது. சிலந்தி செய்ததை நம் ஊரில் குளவியின் மண்கூடும் செய்ய முடியும்.

‘ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை’ என்ற பதிலையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. டேங்க் அழுத்தத்தை அளக்கும் சென்சார் எல்லாக் காரிலும் கிடையாது. அது இல்லாத காரில் மடிந்த ரப்பர் குழாய் ஸ்கேனருக்குத் தெரியவே தெரியாது. கேனிஸ்டரைக் கழற்றி, மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்திப் பார்ப்பது நம்பகமான சோதனை. தடையின்றிக் காற்று போனால் கேனிஸ்டர் நிரபராதி; தேடலை டேங்க் பக்கம் திருப்பலாம். கரித்துகள் கொட்டினாலோ, கையில் எடுத்ததும் கனத்து பெட்ரோல் சொட்டினாலோ அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பெரும்பாலும் அதைக் கொன்றது, கட் ஆன பிறகும் ‘ரவுண்டா போடுங்க’ என்று அழுத்தி அழுத்தி நிரப்பிய பழக்கமாக இருக்கும். ஆவியைப் பிடிக்க வைத்த கரியில் திரவ பெட்ரோல் ஏறி ஊறினால் அது மீள்வது கடினம். நிரப்பியவுடன் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறுவது அதன் அறிகுறி.

கேனிஸ்டரையே எடுத்துவிட்டுக் குழாயைத் திறந்து விட்டுவிடலாம், செலவு மிச்சம் என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. தொந்தரவு உடனே தீரவும் கூடும். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய கார் ஷெட்டில் தரையோடு தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் அந்த ஆவியில் இருக்கிறது. அந்த ஷெட்டுக்குப் பக்கத்து அறையில்தான் வீட்டுப் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.