‘கிறிஸ்டியானே எஃப்.’: அவர்கள் ஏன் திரும்பிப் போனார்கள்?

படிவம் 4 உயிரியல் வகுப்பு. நரம்பு மண்டலப் பாடம் முடியும் வேளையில் கடைசி வரிசை மாணவன் ஒருவன் கை தூக்கினான். பழைய ஜெர்மன் படம் ஒன்றின் சில காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறான்.

“டீச்சர், அந்தப் பொண்ணும் அவளோட கூட்டாளியும் ஒரு ரூம்ல படுத்துக்கிட்டு, வாந்தி எடுத்து, நடுங்கி, எப்படியோ தாங்கிக்கிட்டாங்க. எல்லாம் சரியாயிடுச்சு. ஆனா மறுபடியும் அதே இடத்துக்குப் போயி ஆரம்பிக்கிறாங்க. ஏன் டீச்சர்?”

நான் வாய் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து பதில் வந்தது: “மன உறுதி இல்ல, அவ்வளவுதான்.” வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

மணி அடித்து எல்லாரும் போன பிறகும் கேள்வி கேட்டவன் நின்றுகொண்டிருந்தான். “எங்க மாமா மறுவாழ்வு மையத்துல இருந்து வந்து மூணு மாசம் நல்லாதான் இருந்தாரு, டீச்சர். இப்ப மறுபடியும் பழைய மாதிரி. பாட்டி அவர்கிட்ட பேசுறதே இல்ல. மன உறுதி இல்லாதவர்னுதான் வீட்லயும் சொல்றாங்க.”

அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவன் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு அறிவியலில் நல்ல பதில் இருக்கிறது.

படமும் சர்ச்சையும்

‘கிறிஸ்டியானே எஃப்.’ 1981ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் வெளியானது. இயக்கியவர் உலி எடெல். கதை கற்பனை அன்று. கை ஹெர்மன், ஹோர்ஸ்ட் ரீக் என்ற இரு செய்தியாளர்கள், நீதிமன்ற வழக்கு ஒன்றில் சாட்சியாக வந்த பதின்ம வயதுப் பெண்ணைச் சந்தித்தார்கள். இரண்டு மணி நேரம் என்று திட்டமிட்ட பேட்டி இரண்டு மாதம் நீண்டது. அது 1978இல் புத்தகமானது, பிறகு படமானது.

மேற்கு பெர்லினின் உயரமான அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழும் கிறிஸ்டியானேவுக்கு வயது 13. வயதை மறைத்து நடன விடுதிக்குப் போகிறாள். முதலில் மாத்திரைகள். பாடகர் டேவிட் போவியின் இசை நிகழ்ச்சிக்குப் போன இரவில் ஹெரோயின். பிறகு, மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்திலுள்ள பெரிய ரயில் நிலையமே அவளுக்கும் அவள் காதலன் டெட்லெஃபுக்கும் உலகமாகிறது. ஹெரோயினுக்குப் பணம் வேண்டும். அதற்காகத் தங்கள் உடலையே விற்கும் நிலைக்குச் சிறுவர்கள் அங்கே தள்ளப்படுகிறார்கள். நண்பர்கள் சிலர் இறந்துபோகிறார்கள்.

நாயகியாக நடித்த நட்யா புருன்க்ஹோர்ஸ்டுக்குப் படம் வெளியானபோது 14 வயதுதான். ஜெர்மனியில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இதைத் திரையரங்கில் பார்க்க அனுமதி இல்லை. உங்களையும் நான் பார்க்கச் சொல்லவில்லை.

படத்தைப் பற்றி இரண்டு கட்சிகள் உருவாயின. “இந்தக் கொடுமையைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் போதைப்பொருள் பக்கம் போகாது” என்றது ஒன்று. மற்றொன்று அஞ்சியது, அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. பதின்ம வயதுப் பெண்கள் சிலர் கிறிஸ்டியானேவைப் போலவே உடுத்தத் தொடங்கினார்கள். அந்த ரயில் நிலையத்தைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். பயமுறுத்த எடுத்த படம் சிலருக்குக் கவர்ச்சியாகிவிட்டது.

என் மாணவன் பார்த்த காட்சிதான் அதில் மிகவும் பேசப்பட்டது. கிறிஸ்டியானேவும் டெட்லெஃபும் அறைக்குள் அடைந்து, பல நாள் வேதனைப்பட்டு ஹெரோயினை விடுகிறார்கள். இனித் தொடமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள். பிறகு ரயில் நிலையத்துக்குப் போன முதல் முறையே மீண்டும் விழுகிறார்கள். படம் இதைக் காட்டுகிறது. ஏன் என்று சொல்வதில்லை. கேமரா தலைக்குள் போக முடியாதல்லவா?

மூளையில் ஏற்கெனவே இருக்கும் பூட்டு

ஒரு செடியின் பாலுக்கு மூளை ஏன் இவ்வளவு மசிகிறது? கசகசாச் செடியின் பாலிலிருந்து கிடைப்பது மார்ஃபின். அது பொருந்தும் ஏற்பிகள் நம் நரம்பணுக்களில் இருப்பதை 1973இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். செடிக்காக மூளை பூட்டு செய்து வைத்திருக்காது. அப்படியானால் உடலே தயாரிக்கும் சாவி ஒன்று இருக்க வேண்டும். 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் இருவரும் அதைக் கண்டுபிடித்து, என்கெஃபலின் என்று பெயரிட்டார்கள். அடிபட்டால் வலியைத் தணிக்கவும், மனத்தை அமைதிப்படுத்தவும் உடல் இத்தகைய பொருள்களைச் சிறிதளவு சுரக்கிறது.

ஹெரோயின் என்பது மார்ஃபினோடு இரண்டு அசெட்டைல் தொகுதிகள் சேர்ந்த மூலக்கூறு. இதனால் அது கொழுப்பில் எளிதாகக் கரையும். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை மார்ஃபினைவிட வேகமாகக் கடக்கும். உள்ளே போனதும் மீண்டும் மார்ஃபினாக மாறும். 1898இல் இதை இருமல் மருந்தாகவே விற்றார்கள் என்றால் நம்புவீர்களா? அதன் குணம் அப்போது முழுதாகத் தெரியவில்லை.

மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பிரேக் போடும் வேறு நரம்பணுக்களும் உண்டு. ஹெரோயின் இந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. டோபமைன் வழக்கத்தைவிட மிக அதிகமாகச் சுரக்கிறது. டோபமைனை ‘இன்பச் சுரப்பி’ என்று பலர் எழுதுகிறார்கள். அது சுரப்பி அன்று, வேதித் தூதுவன். அதன் முக்கிய வேலை, “இது முக்கியம், நன்றாக நினைவில் வை” என்று மூளைக்குச் சொல்வது. இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

கயிறு இழுக்கும் போட்டி

இனி அந்த வேதனைக் காட்சிக்கு வருவோம். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. விழிப்பு, இதயத் துடிப்பு, வியர்வை போன்றவற்றைத் தூண்டும் நோர்அட்ரினலின் அங்கிருந்து மூளையெங்கும் பரவுகிறது. ஹெரோயின் இந்தப் பகுதியை அமுக்குகிறது. அதனால்தான் தூக்கக் கலக்கம், மெதுவான மூச்சு.

ஆனால் உடல் சும்மா இருக்காது. அமுக்க அமுக்க, அந்த நரம்பணுக்கள் எதிர்த்திசையில் கூடுதலாக முயல்கின்றன. பள்ளி விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுத்திருப்பீர்கள். எதிரணி பலமாக இழுத்தால் நீங்களும் காலை ஊன்றி இழுப்பீர்கள். கயிறு நடுவில் நிற்கும். பழைய அளவு ஹெரோயின் பழைய விளைவைத் தராமல் போவது இதனால்தான். இதைத் தாங்குதிறன் என்கிறோம்.

திடீரென்று எதிரணி கயிற்றை விட்டுவிட்டால்? உங்கள் அணி முழுவதும் மல்லாக்க விழும். ஹெரோயின் நின்றதும் உடலில் நடப்பது அதுதான். அமுக்கும் கை போய்விட்டது. எதிர்த்து இழுத்த நரம்பணுக்கள் மட்டும் முழு வேகத்தில் இயங்குகின்றன. எனவே அறிகுறிகள் எல்லாம் நேர்மாறாக வருகின்றன. ஹெரோயின் மலச்சிக்கல் தரும், நிறுத்தினால் வயிற்றுப்போக்கு. கண்மணி சுருங்கியிருந்தது, இப்போது விரிகிறது. தூக்கக் கலக்கம் போய், தூக்கமே வராது. வியர்வை, புல்லரிப்பு, எலும்பெல்லாம் வலி.

கடைசியாகப் போதை ஏற்றிய பிறகு ஏறத்தாழ 6 முதல் 12 மணி நேரத்தில் இது தொடங்கும். 1 முதல் 3 நாள்களில் உச்சத்தை அடையும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். நரம்பணுக்கள் புதிய நிலைக்குப் பழகிக்கொள்கின்றன. கிறிஸ்டியானேவும் டெட்லெஃபும் இதைக் கடந்துவிட்டார்கள். ஆக, மன உறுதி அவர்களிடம் இருந்தது. அந்த ஒரு வாரத்தைத் தாங்க எவ்வளவு உறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்!

ரயில் நிலையம் என்ற நினைவு

அப்படியென்றால் மிச்சம் இருந்தது என்ன? டோபமைன் எழுதி வைத்த நினைவு.

பாவ்லோவின் நாய்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். உணவோடு சேர்ந்து ஓர் ஒலியைப் பலமுறை கேட்ட நாய்க்கு, பிறகு ஒலி கேட்டாலே உமிழ்நீர் ஊறும். போதைக்கும் இதே விதிதான். அந்த நடைமேடை, அந்த முகங்கள், அந்த வாசனை எல்லாம் ஹெரோயினோடு சேர்த்து மூளையில் பதிந்திருக்கின்றன. நடுக்கம் ஒரு வாரத்தில் நிற்கும். இந்தப் பதிவு மாதங்கள், ஆண்டுகள்கூட நிற்கும். நிலையத்துக்குள் கால் வைத்ததும் மூளை “இதோ, முக்கியமானது வருகிறது” என்று தயாராகிவிடுகிறது. யோசித்து முடிவெடுப்பதற்கு முன்பே ஏக்கம் வந்துவிடுகிறது.

இடத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதைக் காட்டிய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 1971இல் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளரின் குழு பின்தொடர்ந்தது. வியட்நாமில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவர் போதைக்கு அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அப்படி அடிமையானவர்களில் சுமார் 20 பேரில் ஒருவர் மட்டுமே மீண்டும் அந்த நிலைக்குப் போனார். இடமாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. போர் முடிந்தது, குடும்பம் கிடைத்தது, ஹெரோயின் முன்போல் மலிவாகக் கிடைக்கவில்லை. ஆனால் சூழல் மொத்தமாக மாறினால் மூளைக்கு எவ்வளவு உதவி என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

இதற்கு வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “வேண்டாம், நில்” என்று சொல்லும் முன்மூளைப் பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயதாகும். ஆசையைத் தூண்டும் பகுதிகளோ பதின்ம வயதிலேயே வேகமாக இயங்குகின்றன. கிறிஸ்டியானேவுக்கு வயது 13. உங்களுக்கு 16 அல்லது 17. கற்றுக்கொள்வதில் உங்கள் மூளை இப்போது கெட்டிக்காரன். கெட்டதையும் அதே வேகத்தில் கற்றுக்கொள்ளும்.

மிக ஆபத்தான நாள்

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். போதையை விட்டவருக்குத் தாங்குதிறன் குறைந்துவிடும். ஆனால் பழைய அளவு அவர் நினைவில் இருக்கும். மீண்டும் அதே அளவை எடுத்தால், மூளைத்தண்டில் மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதி நின்றுபோகலாம். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்த முதல் சில வாரங்கள் இதனால்தான் உயிருக்கு மிக ஆபத்தானவை. “தப்பித்துவிட்டார்” என்று குடும்பம் மூச்சு விடும் அதே வேளையில்தான் கவனம் அதிகம் தேவை.

யாராவது எழுப்பியும் எழாமல், மூச்சு மிக மெதுவாக, உதடு நீலமாகக் கிடந்தால், தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள். நலொக்சோன் என்ற மருந்து ஏற்பியிலிருந்து ஹெரோயினைத் தள்ளிவிட்டு, சில நிமிடங்களில் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும்.

சிகிச்சையும் இருக்கிறது. மெத்தடோன் அதே ஏற்பியில் பொருந்தும். ஆனால் மெதுவாக, நீண்ட நேரம் இயங்கும். கயிறு திடீரென்று விடப்படுவதில்லை. ஏற்றமும் இறக்கமும் அடங்குவதால் ஒருவர் வேலைக்குப் போகலாம், குடும்பத்தோடு இருக்கலாம். மலேசியாவில் இந்தச் சிகிச்சைத் திட்டம் 2005இல் தொடங்கியது.

கதை எங்கே முடிந்தது?

படத்தின் முடிவில் கிறிஸ்டியானே பெர்லினில் இல்லை. ஹாம்பர்க் அருகே ஒரு கிராமத்தில் உறவினர் வீட்டில் இருக்கிறாள். ரயில் நிலையம் வெகு தூரத்தில். அந்த முடிவில் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

ஆனால் உண்மையான கிறிஸ்டியானேவின் வாழ்க்கை அங்கே முடியவில்லை. பிற்காலத்தில் அவர் மீண்டும் ஹெரோயினுக்குத் திரும்பினார். மெத்தடோன் சிகிச்சையும் பெற்றார். 2013இல் தம் பிற்கால வாழ்க்கையைத் தாமே புத்தகமாக வெளியிட்டார். நீரிழிவு, ஆஸ்துமா போல நீண்ட காலம் கவனிக்க வேண்டிய, இடையில் மோசமாகக்கூடிய நோய் இது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. நோய் என்றால் அவருக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகாது. நீரிழிவு உள்ளவர் மருந்தையும் உணவையும் கவனிப்பதுபோல், இவருக்கும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஆனால் சர்க்கரை ஏறியதற்காக யாரும் அப்பாவிடம் பேசாமல் இருப்பதில்லையே!

இதையெல்லாம் என் மாணவனிடம் சொன்னேன். அடுத்த வாரம் வந்தான். “மாமா தங்கியிருக்கிற பிளாட்டுக்குக் கீழ இருக்கிற கடையிலதான் டீச்சர், அவரோட பழைய கூட்டாளிங்க எல்லாம் உட்கார்ந்திருப்பாங்க. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகணும்” என்றான். நான் சொல்லாத பாதி விடையை அவனே கண்டுபிடித்துவிட்டான். மாமா வேறு இடத்தில் தங்க முடியுமா, கிளினிக்குக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்று இப்போது வீட்டில் பேசுகிறார்களாம். பாட்டியும் அந்தப் பேச்சில் உட்கார்ந்திருந்தாராம்.

உங்கள் வீட்டிலோ நட்பு வட்டத்திலோ இப்படி ஒருவர் இருந்தால், அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். பள்ளி ஆலோசனை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அரசாங்க கிளினிக்கில் கேளுங்கள். முதல் தடவை யாராவது “ஒரு முறை பார்” என்று நீட்டும்போது, வேண்டாம் என்று சொல்லி அந்த இடத்தைவிட்டு நகருங்கள். அந்தப் பதிவே இல்லாத மூளைக்கு அது எளிது. பதிந்துவிட்ட மூளைக்கு எவ்வளவு கடினம் என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள்.