நெஞ்சில் நிற்கும் சோறு

ஆரணிப் பட்டுத் தறியில் கூலி புடவைக் கணக்கு. பாவு ஏற்றிவிட்டால் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் கூலி இழப்புதான். அதனால் நெசவாளர் வீடுகளில் “சோறு நெஞ்சுல நிக்குது” என்ற பேச்சு “கேஸா இருக்கும்” என்பதோடும் ஒரு மாத்திரையோடும் முடிந்துவிடுகிறது. சப்பாத்தியும் கறியும் நின்றால் ஒரு மடக்குத் தண்ணீர். அதுவும் போதாமல் போனால் குழைந்த சோறு, பிறகு கஞ்சி. அதற்குள் உடம்பு இளைத்துவிடும்.

உணவுக்குழாயில் வரும் கட்டி எல்லாமே புற்றுநோய் அல்ல. ஆனால் புற்றல்லாதவை அரிது, நூற்றில் ஒன்றுகூட இல்லை. அவற்றில் பெரும்பாலானது லியோமையோமா. குழாயின் தசையில் மெல்ல வளரும். பாதிப் பேருக்குத் தொந்தரவே இராது. புற்றுநோயில் விழுங்கும் சிரமம் சில மாதங்களிலேயே முற்றிவிடும். எது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போடுகிறவர்கள், புகைப்பவர்கள், குடிப்பவர்கள் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

முதல் சோதனை எண்டோஸ்கோபி. லியோமையோமா உள்தோலுக்கு அடியில் இருப்பதால் மேலே வழவழப்பாகத் தெரியும். அங்கே சோதனைக்குச் சதை எடுத்தால் தழும்பு விழும். பிற்பாடு கட்டியை மட்டும் பிரித்தெடுக்கும்போது உள்தோல் கிழிய வாய்ப்பு உண்டு. ஆகவே எண்டோஸ்கோபி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட் முதலில் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். மேலே புண் இருந்தால் கதை வேறு. அங்கே சதைப் பரிசோதனை கட்டாயம். தொந்தரவு தராத சிறு கட்டியை அவ்வப்போது பார்த்துக்கொண்டாலே போதும். அடைக்கிற கட்டியையும் பெரிய கட்டியையும் எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் குழாயை வெட்ட வேண்டியதில்லை.

சோதனைக்குப் போட்ட கையெழுத்து ஆபரேஷனுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமிரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது. உயிரையோ உடல்நலத்தையோ காக்கத் தள்ளிப்போட முடியாத அவசரம் மட்டும் விதிவிலக்கு. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அந்தத் தாள்களை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும் அவைதான் உதவும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கார்டு இல்லாதவர்கள் ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். உங்கள் சிகிச்சை பட்டியலில் உண்டா என்று சேருவதற்கு முன்பே 1800 425 3993-இல் கேளுங்கள். காசு வாங்கிய மருத்துவமனையின் கவனக்குறைவுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

விழுங்கும் சிரமம் இரண்டு வாரம் தாண்டினால் ஆரணி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். திருவண்ணாமலை அல்லது வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் எண்டோஸ்கோபி செய்ய எழுதிக் கொடுத்தால், தறியில் இருக்கும் புடவை முடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள்.