முதலாம் வருடமும் மாறும் சராசரியும்

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவர் தெரிவாவது இசட் புள்ளியின் பேரில். க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் சராசரியிலிருந்து ஒருவரின் புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, அதை நியம விலகலால் வகுத்தால் கிடைப்பது அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் மாணவரின் முதல் வருடத் தடுமாற்றத்தை விளங்கிக்கொள்ளவும் இந்தக் கணக்கு உதவும். கூட்டம் மாறினால் சராசரி மாறும். சராசரி மாறினால் அதே மாணவரின் இடமும் மாறிவிடும்.

ஊர்ப் பாடசாலையில் முதலாம் பிள்ளையாக இருந்தவர், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரை மண்டபத்தில் போய் அமர்கிறார். அக்கம்பக்கத்தில் இருப்போரும் தத்தம் பாடசாலையில் முன்வரிசையில் நின்றவர்களே. அவருடைய அறிவில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை. ஆனால் 'எனக்கு இது சரிவராதோ' என்ற எண்ணம் சில வாரங்களில் தலைதூக்குகிறது. உளவியலாளர் ஹேர்பேர்ட் மார்ஷ் 1980களில் இதனை ஆராய்ந்து, 'சிறு குளத்துப் பெரிய மீன்' விளைவு என்று அழைத்தார். சம திறமையுள்ள இருவரில், கெட்டிக்காரர் நிறைந்த வகுப்பில் இருப்பவரே தன்னைத் தாழ்வாக மதிப்பிடுகிறார். இலங்கையில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதமானோர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதமானோர் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதமானோர் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்தும் தெரிவாகின்றனர். எனவே வெவ்வேறு வெட்டுப்புள்ளிகளோடு வந்தவர்கள் ஒரே வாங்கில் அமர்கிறார்கள். முல்லைத்தீவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வந்தவருக்கு இந்த ஒப்பீடு இன்னும் கூர்மையாகக் குத்தலாம்.

இதன்மேல் மொழியின் சுமை ஏறுகிறது. உயர்தரம்வரை தமிழில் பௌதிகமும் உயிரியலும் படித்தவர், விஞ்ஞான, மருத்துவ, பொறியியல் பீடங்களில் ஆங்கிலத்திலேயே கற்க வேண்டும். மனித மூளை ஒரு நேரத்தில் கையில் வைத்துப் புரட்டக்கூடிய தகவல் மிகக் கொஞ்சம். உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956 இல் அதை ஏறத்தாழ ஏழு கூறுகள் என்று மதிப்பிட்டார். நெல்சன் கோவன் 2001 இல் அதை ஏறத்தாழ நான்காகக் குறைத்தார். விரிவுரையாளர் சொல்லும் வாக்கியத்தைப் புரிந்துகொள்வதற்கே அந்த நான்கில் இரண்டு செலவாகிவிட்டால், வாக்கியம் சொல்லும் இரசாயனத்துக்கு மிஞ்சுவது என்ன? கற்றல் சுமை பற்றி ஜோன் சுவெலர் 1988 முதல் எழுதிவந்தவை இந்த நெருக்கடியைத்தான் விளக்குகின்றன. இது அறிவுக் குறைபாடு அன்று, இடப் பற்றாக்குறை. ஆங்கிலச் சொற்கள் பழகப் பழக அவை தாமாகவே விளங்கத் தொடங்கும், இடமும் விடுபடும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார் என்பதை இங்கே நினைவுகூரலாம். கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே எழுதிவைத்துப் படிக்கும் மாணவர் இன்றும் அந்த உழைப்பின் பயனை எடுத்துக்கொள்ளலாம்.

படிக்கும் முறையிலும் ஓர் இழப்பு நேர்கிறது; அது பலருக்குத் தெரிவதில்லை. யாழ்ப்பாணத்து ரியூசன் வகுப்புகளை எவ்வளவு குறைகூறினாலும், கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்விப்பதில் அவை ஓர் உண்மையான விஞ்ஞானத்தைக் கடைப்பிடித்தன. 2006 இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி வாசித்தோர் ஒரு வாரத்தின் பின் அதில் 42 சதவீதத்தையே நினைவுகூர்ந்தனர். ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தோர் 56 சதவீதத்தை நினைவுகூர்ந்தனர். வாசித்து ஐந்து நிமிடத்தில் கேட்டபோதோ மறுபடி வாசித்தோரே முன்னின்றனர். ஏமாற்றம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் வினாத்தாளை நீட்ட எவரும் இல்லை. மாணவர் போட்டோப்பிரதிக் குறிப்புகளை வாசித்து வாசித்துத் தெரிந்துவிட்டதென்று நம்பி, அரையாண்டுப் பரீட்சையில் திகைக்கிறார்.

படிப்புக்கு வெளியிலும் தடுமாற்றம் உண்டு. 1974 இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி, 1979 இல் தனித்து இயங்கத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இன்று மட்டக்களப்பு, மலையகம், தென்னிலங்கை மாணவரும் படிக்கிறார்கள். விடுதியிலோ கொக்குவில், கோண்டாவில் பக்கத்து வாடகை அறைகளிலோ தங்குவோருக்கு வீட்டு ஏக்கம் முதல் வாரங்களில் உச்சமாக இருந்து, நட்பு வளர வளரத் தணிவது வழமை. நித்திரையும் குழம்பும். உடலின் கடிகாரம் இருபது வயதளவில்தான் மிகப் பிந்தி ஓடுகிறது என்று 2004 இல் ரோனபேர்க் குழுவினர் காட்டினர்.

இந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம்தான், சிரேஷ்ட மாணவர் புதியவர்மேல் நடத்தும் பகிடிவதை வந்து சேர்கிறது. அது பழக்கத்தையும் ஒற்றுமையையும் வளர்க்கும் என்று சொல்வோர் உடலியலைப் பார்க்க வேண்டும். பழக்கமில்லாத உடலை எல்லைமீறிக் கடும் பயிற்சி செய்ய வைத்தால் தசை நார்கள் சிதைந்து, அவற்றிலுள்ள மையோகுளோபின் என்ற புரதம் குருதியில் கலக்கிறது. அதை வடிக்க முயலும் சிறுநீரகங்கள் செயலிழக்கலாம். 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ்ப் பொறியியல் மாணவன், பகிடிவதையில் இவ்வாறு வதைக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். அடுத்த ஆண்டில் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. பாரிய காயம் விளைவித்தால் பத்து ஆண்டுவரை சிறை. உடலில் தழும்பில்லாத பகிடிவதையும் தீங்குதான்: 'நான் இந்த இடத்துக்கு உரியவனில்லை' என்ற ஐயத்தை அது உறுதிப்படுத்திவிடுகிறது.

அந்த ஐயத்தை நீக்கும் வழியும் சிரேஷ்ட மாணவர் கையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹெனும் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வருட மாணவருக்கு மூத்தோரின் அனுபவங்கள் வாசிக்கக் கொடுக்கப்பட்டன. தொடக்கத்தில் தாமும் அந்நியமாக உணர்ந்ததையும் அது காலப்போக்கில் மறைந்ததையும் மூத்தோர் அவற்றில் சொல்லியிருந்தனர். ஏறத்தாழ ஒரு மணிநேர முயற்சி. மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவருக்கும் வெள்ளையின மாணவருக்கும் இடையிலான புள்ளி இடைவெளி பாதியாகக் குறைந்தது. ஏற்கெனவே தம் இடம் உறுதி என்று எண்ணியிருந்த பெரும்பான்மையினருக்கு அதனால் பெரிய மாற்றமில்லை. ஐயத்தோடு வந்தவர்களுக்கே பலன் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் இதைச் செய்வதற்குப் பெரிய நிதி தேவையில்லை. புதிய அணி வரும் முதல் வாரத்தில், ஒவ்வொரு பீடத்தின் இரண்டாம், மூன்றாம் வருட மாணவரும் தம் முதல் அரையாண்டில் விளங்காத விரிவுரையையும் தவறிய பாடத்தையும் மறைக்காமல் சொல்ல ஒரு மணிநேரம் ஒதுக்கட்டும்.