குளிக்கப் போகும் நேரத்தில் வேன் பத்திரமா? சுற்றுலா வேன்களில் திருட்டைத் தடுப்பது எப்படி?

திருவேங்கடம் வட்டாரத்தில் குடும்பத்தோடு வெளியூர் போக வேன் பிடித்தால், அது போகும் இடம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். சாரல் விழும் ஆனி, ஆடியில் குற்றாலம். சஷ்டிக்கும் விசாகத்துக்கும் திருச்செந்தூர். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை.

இந்த மூன்று இடங்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றுமே குளிக்கும் இடங்கள். அருவி, கடல், பம்பை என எங்கே போனாலும் செயின், மோதிரம், செல்போன், பர்ஸ், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. வைக்கிற இடம் வேன்தான். அதாவது, வேனுக்குள் ஆள் இல்லாத நேரமும், பொருள் அதிகம் இருக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது.

"வண்டி பூட்டித்தானே இருக்கு, என்ன ஆகிடப் போகுது?" என்றுதான் எல்லோரும் இறங்குகிறார்கள். பூட்டு எந்த அளவுக்குக் காப்பாற்றும்? பொருள் போனால் இன்சூரன்ஸ் வருமா? சட்டம் என்ன சொல்கிறது? பார்ப்போம்.

பூட்டு தடுக்காதா?

வேனின் முன்பக்கக் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்யப்படுவது. அடித்தால் விரிசல் விடும், எளிதில் வழிவிடாது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் பொதுவாக அப்படியில்லை. விபத்தில் கூர்மையான துண்டுகள் பயணிகளைக் குத்தக் கூடாது என்பதற்காக, உடைந்தால் சிறு சிறு மணிகளாக உதிரும்படி அவை பதப்படுத்தப்படுகின்றன. பாதுகாப்புக்காகச் செய்த அந்த ஏற்பாடே திருடனுக்கும் வசதியாகிவிடுகிறது. கூர்மையான பொருளால் ஒரு புள்ளியில் தட்டினாலே மொத்தக் கண்ணாடியும் கொட்டிவிடும்.

கதவை நல்லபடி பூட்டியிருந்தாலும் கண்ணாடி வழியாகக் கை நுழைய சில நொடி போதும். பூட்டும் அலாரமும் திருடனைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கூட்டமான பார்க்கிங்கில் அலாரம் அடித்தால், "யாரோ தெரியாம தொட்டுட்டாங்க போல" என்று கடந்து போகிறவர்களே அதிகம்.

எனவே திருட்டைத் தடுப்பதில் முதல் வேலை, உடைத்தாலும் லாபமில்லை என்று வெளியிலிருந்து பார்க்கும்போதே தெரிய வைப்பது. சீட்டில் கிடக்கும் ஹேண்ட்பேக், டேஷ்போர்டில் தொங்கும் சார்ஜர் ஒயர், துண்டால் மூடிவைத்த பை எல்லாமே அழைப்பிதழ்தான். துண்டுக்கு அடியில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாமல் இல்லை.

பொருளை எப்போது ஒளித்து வைப்பது?

பலரும் செய்யும் தவறு இங்கேதான். பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திய பிறகு, எல்லோரும் கீழே இறங்கி நின்று நகைகளைக் கழற்றி, ஒரே பையில் போட்டு, அந்தப் பையைப் பின் சீட்டுக்கு அடியில் தள்ளுகிறார்கள். நோட்டமிட வந்தவன் நாலு வண்டி தள்ளி நின்று இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

உள்ளே வைக்க வேண்டியதை வண்டி நிற்பதற்கு முன்பே, சில கிலோமீட்டர் முன்னால் டீ குடிக்க நிறுத்தும் இடத்திலோ ஓடும் வண்டிக்குள்ளோ வைத்துவிட வேண்டும். ஒரே பையில் எல்லாவற்றையும் போடவும் கூடாது. ஒரு பை போனால் ஒரு குடும்பத்தின் மொத்த நகையும் போகிறது.

அதைவிட நல்ல வழி, குளிக்கப் போகும் பயணத்துக்கு நகையே போடாமல் கிளம்புவது. "கோயிலுக்குப் போறப்ப வெறுங்கழுத்தோடவா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பது வழக்கம்தான். அவசியமானதை மட்டும் போட்டுக்கொண்டு மற்றதை வீட்டிலோ வங்கி லாக்கரிலோ வைத்துவிட்டு வரலாம்.

இரண்டு குழுவாகப் பிரிந்து குளிப்பது பழைய முறை; இன்றும் அதைவிட நல்ல முறை இல்லை. ஒரு குழு திரும்பி வந்த பிறகே அடுத்த குழு இறங்க வேண்டும்.

டிரைவர் இருக்கிறாரே, பார்த்துக்கொள்ள மாட்டாரா?

"அண்ணே, நீங்க வண்டியிலதான இருப்பீங்க, கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால், இரவு முழுக்க ஓட்டிவந்தவர் அந்த நேரத்தில் தூங்கியாக வேண்டும். அன்று ராத்திரியே ஊர் திரும்பும் திட்டம் என்றால், அவருடைய தூக்கம்தான் எல்லோருடைய உயிர். அவரைக் காவலுக்கு உட்கார வைப்பது, திருட்டுக்குப் பயந்து விபத்தைத் தேடிக்கொள்வது போல.

பொருள் காணாமல் போனால் முதல் சந்தேகம் அவர் மீதுதான் விழும் என்பதும் உண்மை. அதனால் யார் எப்போது வண்டியில் இருப்பது என்பதைக் கிளம்பும்போதே பேசி வைப்பது இரு தரப்புக்கும் நல்லது. சாவியை டயர் மேலேயோ பம்பர் இடுக்கிலோ வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். அந்த இடங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கவனத்தைத் திருப்பும் பழைய தந்திரமும் இன்னும் ஓயவில்லை. "டயர்ல காத்து இறங்குது", "ஆயில் ஒழுகுது", "உங்க ரூபா கீழே கிடக்கு" என்று ஒருவர் சொல்வார். டிரைவர் இறங்கிக் குனிந்து பார்ப்பதற்குள் மறுபக்கக் கதவு திறந்திருக்கும். யார் என்ன சொன்னாலும் முதலில் சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிவிட்டு, பிறகுதான் போய்ப் பார்க்க வேண்டும்.

கண்ணாடியைத் தொடாமலே நடக்கும் திருட்டு

வேனுக்குள் நுழையாமலே திருடக்கூடியவையும் உண்டு. பேட்டரி, ஸ்டெப்னி, டீசல் மூன்றும் பழைய கதை. பேட்டரிப் பெட்டிக்கும் டீசல் மூடிக்கும் பூட்டு, ஸ்டெப்னிக்குச் சங்கிலி போட்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

புதிதாகச் சேர்ந்தது சைலன்சர் திருட்டு. 2020, 2021-க்குப் பிறகு குஜராத், மகாராஷ்டிரா மாநிலங்களில் மாருதி ஈகோ வேன்களின் சைலன்சரை மட்டும் குறிவைத்துத் திருடிய கும்பல்களைப் போலீஸார் பிடித்தனர். காரணம், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் மிகச் சிறிய அளவில் பூசப்பட்டிருக்கும். தரையிலிருந்து உயரமாக நிற்கும் வண்டிக்கு அடியில் ஆள் நுழைந்து நட்டைக் கழற்றுவது சுலபம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி டிராக்டர் போலச் சத்தம் போட்டால் உடனே கீழே குனிந்து பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் நிறுத்துவோர் சுவரை ஒட்டி, விளக்கு வெளிச்சத்தில் நிறுத்துவது நல்லது. நட்டுகளைச் சாதாரண ஸ்பேனரால் கழற்ற முடியாதபடி வெல்டிங் வைப்பதும் ஒரு வழி; அதை விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டுமே செய்ய வேண்டும்.

ஜிபிஎஸ், கருப்பு ஃபிலிம் உதவுமா?

2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பயணிகள் வாடகை வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. வண்டியையே ஓட்டிக்கொண்டு போனால் அது எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க இந்தக் கருவி உதவும். உள்ளே இருக்கும் பையை அது காப்பாற்றாது.

உள்ளே இருப்பது தெரியாமல் கண்ணாடியைக் கருப்பாக்குவதும் தீர்வல்ல. முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீதமும் பக்கவாட்டில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. கருப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 2012-ல் தடை விதித்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே ஒரு முக்கிய மாற்றம் நடந்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் வீடு, கூடாரம், படகு போன்றவற்றில் நடக்கும் திருட்டுக்குத்தான் 380-வது பிரிவின் கீழ் 7 ஆண்டு வரை தண்டனை. வண்டிக்குள்ளிருந்து பையைத் திருடினால் சாதாரணத் திருட்டுப் பிரிவான 379. அதிகபட்சம் 3 ஆண்டு.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவு இதை மாற்றியது. பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச் செல்லும் வாகனத்தைத் திருடுவதும், அந்த வாகனத்திலிருந்து பொருளைத் திருடுவதும் வீட்டில் திருடுவதற்குச் சமமாக வைக்கப்பட்டுள்ளன. தண்டனை 7 ஆண்டு வரை. புகார் எழுதும்போது "வேனில் இருந்த பை காணவில்லை" என்று மட்டும் எழுதாமல், கண்ணாடி உடைக்கப்பட்டது, எந்த வண்டி, எங்கே நின்றது, எந்த நேரத்துக்குள் நடந்தது என்று தெளிவாக எழுத வேண்டும். 'காணவில்லை' என்பதும் 'திருடப்பட்டது' என்பதும் வேறு வேறு.

கேரளத்தில் திருடு போனால் புகாருக்கு அங்கேயே நிற்க வேண்டுமா?

சம்பவம் நடந்த இடத்திலேயே கொடுப்பதுதான் நல்லது. தடயமும் சிசிடிவி பதிவும் அங்கேதான் இருக்கும். ஆனால், ஊர் திரும்பிய பிறகே திருட்டு தெரியவந்தால், திருவேங்கடம் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு கூறுகிறது. இணைய வழியிலும் தகவல் தரலாம்; 3 நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் திருட்டுக்கு எதுவும் கிடையாது. முழு பாலிசி இருந்தால் வண்டி திருடு போனதற்கு இழப்பீடு உண்டு. ஆனால், வண்டிக்குள் இருந்த நகை, பணம், செல்போன் அந்த பாலிசியில் வராது. பலரும் இதைப் பொருள் போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். சரக்கு வேன்களில் ஏற்றும் பொருளுக்கும் தனியாகச் சரக்குக் காப்பீடு எடுத்தால்தான் உண்டு.

வண்டியே போனாலும் கவனக்குறைவு கணக்கில் வரும். சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கியபோது திருடு போன லாரி வழக்கில், காப்பீட்டுத் தொகையில் 75 சதவீதம் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முழுவதும் மறுக்க முடியாது என்பது உரிமையாளருக்கு ஆறுதல். ஆனால், சாவிக்காகக் கால் பங்கு போய்விட்டது. கடனில் வாங்கிய வேனுக்கு அந்தக் கால் பங்கு சின்னத் தொகை இல்லை.

தாமதம் குறித்தும் ஒரு தீர்ப்பு உண்டு. டிராக்டர் திருடு போன அன்றே போலீஸில் புகார் கொடுத்தவர், காப்பீட்டு நிறுவனத்துக்கு 52 நாள் கழித்தே தெரிவித்தார். அதைக் காரணம் காட்டி மட்டும் இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்காகத் தாமதிக்கலாம் என்று அர்த்தமில்லை. போலீஸ் புகார் உடனடியாக இருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது.

வேனுக்குள்ளேயே தூங்கலாமா?

வெளிநாடுகளில் மோட்டார் ஹோம் செய்யும் வேலையை நம்ம ஊரில் டூரிஸ்ட் வேன் செய்கிறது. பாய் விரித்து உள்ளேயே படுப்போர் பலர். ஆள் இருந்தால் திருட்டு பயம் குறைவு. ஆனால், திருடனுக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அதேபோல, கம்பி அடித்து எல்லா ஜன்னலையும் அடைப்பதும், அவசர வழிக் கதவுக்கு வெளிப்பூட்டு போடுவதும் ஆபத்து. தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்காது.

கண்ணாடி உடைந்திருந்தால் முதலில் என்ன செய்வது?

உள்ளே கை வைக்காமல் போட்டோ, வீடியோ எடுங்கள். 112-ஐ அழையுங்கள். செல்போன் போயிருந்தால் முதலில் சிம்மை முடக்க வேண்டும்; ஓடிபி வருவது அதில்தான். அடுத்து வங்கி கார்டுகள். கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால் 1930. போனை எங்கும் பயன்படுத்த முடியாமல் செய்ய மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண் தேவைப்படும். *#06# அழுத்தினால் வரும் அந்த எண்ணைக் கிளம்பும் முன்பே வீட்டில் எழுதி வையுங்கள்.

நகையின் பில்லும் போட்டோவும் இருந்தால் அடையாளம் காட்ட எளிது. பிடிபட்ட நகை நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் இடைக்காலமாகத் திரும்பப் பெற மனு செய்யலாம். அப்போதும் இந்த ஆவணங்கள்தான் கைகொடுக்கும்.

ஆர்.சி. புத்தகம், லைசென்ஸ் அசலை வண்டியில் வைத்திருக்க வேண்டியதில்லை. டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ளவை சோதனையில் செல்லும். வண்டியும் அசல் ஆர்.சி.யும் ஒன்றாகப் போனால், திருடியவன் விற்பதற்கு அது இன்னும் வசதி.