வேலைத்திட்டமும் மாறுநிலைப் பாதையும்

பலர் கூடி ஒரு கருமத்தைத் தொடங்குமிடத்து, யார் எதனை எப்பொழுது செய்து முடித்தல் வேண்டும் என்னும் வினா முதற்கண் எழுகின்றது. விழா எடுப்பதாயினும், மாடமாளிகை அமைப்பதாயினும் இவ்வினாவிற்கு விடை காணாது இறங்குவோர் இடைவழியில் இடர்ப்படுவர். அவ்விடையைத் தருங் கருவி காலப்போக்கில் எவ்வாறு திருத்தியமைக்கப்பெற்றது என்பதை ஈண்டுச் சுருங்க விளக்க முற்படுகின்றோம்.

அமெரிக்கப் பொறியியலாளராகிய ஹென்றி காண்ற் (1861–1919) என்பார் வகுத்த பட்டைப்படம் யாவரும் அறிந்ததொன்று. நாட்கள் இடமிருந்து வலமாகச் செல்லும். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பட்டை வரையப்படும். பின்தங்கியவர் யார் என்பதை ஒரு நோக்கிலேயே அறியலாம். 1896 அளவிலேயே போலந்து நாட்டு அடமியெற்ஸ்கி இத்தகைய படமொன்றை வகுத்திருந்தாராயினும், அஃது அக்காலத்திற் பிறநாடுகளிற் பரவவில்லை.

எனினும், காண்ற் அவர்களின் படத்தில் ஒரு குறை இருந்தது. எவ்வேலை எதன் முடிவிற்காகக் காத்து நிற்கின்றது என்பதை அது தெளிவுறக் காட்டவில்லை. இக்குறையை நீக்கியோர், டூபொன்ற் கம்பனியைச் சேர்ந்த மோர்கன் வாக்கரும் றெமிங்ரன் றான்ட் கம்பனியைச் சேர்ந்த ஜேம்ஸ் கெலியும் ஆவர். யூனிவாக் என்னும் கணினியின் துணைகொண்டு 1957 ஆம் ஆண்டளவில் இவர்கள் வகுத்த முறையே மாறுநிலைப் பாதை முறை எனப்படும்.

இதனை விளக்க, மலரொன்று வெளியிடுவதாகக் கொள்வோம். கட்டுரை திரட்ட 30 நாள். பக்கம் அமைக்க 20 நாள். பிழை திருத்த 10 நாள். அச்சிட 12 நாள். கட்டுவதற்கு 6 நாள். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழவேண்டும். ஆகவே மொத்தம் 78 நாள். அட்டைப்படம் வரைந்து அச்சிட 25 நாள் போதும். அது 72 ஆம் நாள் முடிவில், கட்டும் வேளைக்கு வந்தாற் போதுமானது. எனவே ஓவியருக்கு 47 நாள் ஓய்வு உண்டு. பிழை திருத்துவோருக்கோ ஒரு நாளேனும் இல்லை. அவர் ஒரு நாள் தாமதித்தால் மலரும் ஒரு நாள் தாமதிக்கும். இவ்வாறு ஓய்வற்ற வேலைகளின் தொடரே மாறுநிலைப் பாதையாம்.

அடுத்து, 1958 இல் அமெரிக்கக் கடற்படையினர் பொலாறிஸ் ஏவுகணைத் திட்டத்தின்பொருட்டுப் பேட் என்னும் முறையை வகுத்தனர். முன்செய்து பழகாத வேலைக்கு ஒரே கால அளவைக் கூறல் அரிதாதலின், மூன்று மதிப்பீடுகளைக் கேட்டனர். பிழை திருத்த, யாவும் நன்கு நடப்பின் 6 நாள், வழக்கமாக 9 நாள், இடையூறுகள் நேரின் 18 நாள் என்போம். நடுவெண்ணை நான்கால் பெருக்கி, ஏனையவற்றைக் கூட்டி, ஆறால் வகுக்க 10 நாள் கிடைக்கும்.

இவ்விரு முறைகளும் இக்காலக் கணினிக் கருவிகளிற் பட்டைப்படத்தோடு இணைந்து விளங்குகின்றன. பட்டைகளை அம்புக்குறிகள் இணைக்கின்றன; மாறுநிலைப் பாதை தனி நிறத்தில் தோன்றுகின்றது.

ஆயினும் கருவி தானாக அறிவு பெறுவதில்லை. வேலை செய்வோரைக் கேளாது தலைவர் தாமே இட்ட எண்களைப் படம் அழகுற வரைந்து காட்டும். உண்மையை அது காட்டாது. எல்லோரையும் ஒருங்கே விரைவுபடுத்தும் தலைவர், ஓய்வுள்ளவரை வீணே வருத்துகின்றார்; துணை வேண்டி நிற்பவரையோ காணாது விடுகின்றார். ஆதலின், நாளை குறிக்குமுன் செய்பவரைக் கேட்டலும், எவர் தோளிற் பாரம் தங்கியுள்ளதோ அவருக்குக் கைகொடுத்தலுமே இம்முறையின் பயன் என்பது எமது துணிபு. இன்று கற்கும் மாணவர் நாளை பலரை நடத்துவோர் ஆவர். அவர்கள் இதனை உளங்கொள்வாராக.