இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கான படிம மாற்றம்

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கான படிம மாற்றம் என்பது, தற்காலப் படிமக் கோப்பொன்றை 1980களின் வீட்டுக் கணினியான ஸ்பெக்ட்ரத்தின் திரையில் காட்டத்தக்க தரவாக மாற்றும் முறையாகும். ஜேபெக் (1992), பி.என்.ஜி. (1996) ஆகிய வடிவங்கள் இக்கணினி வெளிவந்த 1982 ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டவை. எனவே மாற்றம் பொதுவாகத் தற்காலக் கணினியில் செய்யப்பட்டு, விளைவு மட்டும் பழைய கணினிக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. எந்த நிறத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதே இதன் முதன்மையான சிக்கலாகும்.

இந்தியாவில்

ஸ்பெக்ட்ரம்+ கணினியை உரிமம் பெற்று டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1986 இல் இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. அதே காலகட்டத்தில், 1984 இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் கீழ் இந்தியப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன.

திரை அமைப்பு

ஸ்பெக்ட்ரம் திரையில் 256 × 192 படப்புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு ஒரு பிட்டு வீதம் இவை 6,144 பைட்டுகளில் அடங்கும். நிறங்கள் தனியே சேமிக்கப்படுகின்றன. திரை 8 × 8 புள்ளிகள் கொண்ட 768 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கட்டத்திற்கு ஒரு பைட்டு ஒதுக்கப்படுகிறது. மொத்தம் 6,912 பைட்டுகள்.

ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் தர 4 பிட்டுகள் ஒதுக்கினால் 24,576 பைட்டுகள் தேவைப்படும். தொடக்கநிலைக் கணினியின் மொத்த நினைவகமே 16,384 பைட்டுகள்தான். இந்தச் சிக்கனத்தின் விலையாக, ஒரு கட்டத்தினுள் முன்னணி நிறம், பின்னணி நிறம் என இரண்டு மட்டுமே இடம்பெற முடியும்; அவ்விரண்டும் ஒரே பொலிவு நிலையில் இருக்க வேண்டும். இதனால் தோன்றும் குறை நிற மோதல் எனப்படும்.

படிநிலைகள்

1. அளவு குறைத்தல்: 4000 × 3000 புள்ளிகள் கொண்ட ஒளிப்படத்தின் நீள அகல விகிதம் திரையின் விகிதமே (4:3). ஏறத்தாழ 244 புள்ளிகளின் சராசரி ஒரே புள்ளியாகிறது.

2. நிறத் தேர்வு: எட்டு நிறங்களில் இரண்டைத் தெரிய 28 வழிகள், இரு பொலிவு நிலைகளுக்கும் சேர்த்து 56. ஒவ்வொரு கட்டத்திற்கும் இவை அனைத்தையும் சோதித்து, மூலப்படத்திலிருந்து மிகக் குறைவாக வேறுபடும் இணை தேர்ந்தெடுக்கப்படுகிறது.

3. புள்ளியிடல்: இடைப்பட்ட நிறங்கள் இரு நிறப் புள்ளிகளின் கலவையால் தோற்றுவிக்கப்படுகின்றன. பிளாய்டு-ஸ்டைன்பெர்க் முறையில் (1976) ஒரு புள்ளியில் நேரும் பிழை அண்டைப் புள்ளிகளுக்கு 7/16, 3/16, 5/16, 1/16 எனப் பகிரப்படுகிறது. அண்டைக் கட்டத்தில் உரிய நிறம் இல்லாதபோது கட்டத்தின் எல்லை வெளிப்படையாகத் தெரியும்.

4. வரிசை மாற்றம்: திரை நினைவகம் 16384 ஆம் முகவரியில் தொடங்குகிறது. இரண்டாம் வரி அதையடுத்து அமையாமல் 16640 இல் அமைகிறது. ஒன்பதாம் வரி 16416 இல் அமைகிறது. தரவை இவ்வரிசையிலேயே எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டு

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 37 மீட்டர் உயரமுடையது. அது திரையில் 185 புள்ளி உயரத்தை நிரப்பினால் ஒரு புள்ளி 20 செ.மீ. ஆகும், ஒரு கட்டம் 1.6 மீட்டர். பல வண்ணச் சுதைச் சிற்பமொன்று முழுவதும் இரண்டு நிறங்களுக்குள் ஒடுங்கிவிடும். கோபுர விளிம்பில் பொலிவான மஞ்சளை முன்னணியாகவும் வெளிர்நீலத்தைப் பின்னணியாகவும் கொண்டால் நிறப் பைட்டின் மதிப்பு 64 + (5 × 8) + 6 = 110.

படத்தைச் சில புள்ளிகள் நகர்த்தி விளிம்புகளைக் கட்ட எல்லையோடு பொருத்தினால் நிற மோதல் குறையும். சிற்ப நுணுக்கமே முதன்மை எனில், நிறத்தைக் கைவிட்டுக் கருப்பு வெள்ளையில் மாற்றுவது சிறந்தது.

காட்டுதல்

தரவை ஒலியாக மாற்றி ஒலிநாடா வழியே செலுத்தினால், படம் ஏற ஏறத்தாழ 40 நொடிகள் ஆகும். வரிகள் இடைவிட்டு முதலில் கருப்பு வெள்ளையில் தோன்றும். கடைசி 768 பைட்டுகள் வந்துசேரும்போதே நிறங்கள் தோன்றும்.

இவற்றையும் பார்க்கவும்

* படப்புள்ளி
* பிபிசி மைக்ரோ
* தரவுச் சுருக்கம்